பதின்மூன்றாவது பெயர் அட்டை

எனக்குப் பத்து வயதான வருஷம் அத்தை பிரான்சிலிருந்து மொத்தமாக ஊர் திரும்பினாள். அப்பாவுக்கு ஒரே அக்கா. அவள் கணவர், அதாவது என் மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு எங்கள் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கிச் சுவரெல்லாம் வெள்ளையடித்து, ஜன்னல் கதவுகளுக்குச் சாம்பல் கலந்த பச்சை பூசி, டிசம்பர் முதல் வாரத்தில் குடிவந்தார்கள். சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே அத்தை அறிவித்துவிட்டாள், இந்த வருஷம் நோயேல் விருந்து தன் வீட்டில்தான் என்று. கிறிஸ்துமஸ் என்ற வார்த்தை அவள் வாயில் வராது. நோயேல்தான்.

வீட்டை அலங்கரிக்கும் வேலை என் அம்மாவுக்கு வந்தது. எங்கள் பங்குக் கோயிலில் பீடத்துக்குப் பூ வைப்பவள் அம்மாதான். இரண்டு முழம் சம்பங்கியும் நான்கு கிளை இலையும் கொடுத்தால் போதும், பெருநாள் பீடம் போல ஆக்கிவிடுவாள். அத்தைக்கு அது தெரியும். உப்பளம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, வாசல்படி ஏறாமலே, "நீதான் வந்து செய்யணும். உன் கைக்குத்தான் அந்த லட்சணம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் படி ஏறாததற்குக் காரணம் உள்ளே அப்பா இருந்ததுதான். அத்தை அம்மாவோடு நன்றாகப் பேசுவாள், என்னைக் கொஞ்சுவாள். அப்பாவோடு மட்டும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

அந்தக் கதை எனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். எனக்கு நான்கு வயதிருக்கும்போது, கத்திரி வெயிலில், தாத்தா இறந்துபோனார். அத்தைக்குத் தகவல் சொன்னார்கள். டிக்கெட் கிடைத்து, விமானம் தாமதமாகி, நடுவில் ஏதோ ஊரில் ஒரு நாள் மாட்டிக்கொண்டு, அவள் வந்து சேர்ந்தது நான்காம் நாள் காலை. அதற்கு முந்தின நாளே அப்பா அடக்கத்தை முடித்துவிட்டிருந்தார். அத்தை விமான நிலையத்திலிருந்து நேராகக் கல்லறைக்குப் போய், ஈரம் காயாத மண்மேட்டின் பக்கத்தில் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்துவிட்டாளாம். "ஒரு நாளு பொறுக்க முடியலையா உனக்கு? எங்கப்பா மொகத்த எனக்குக் காட்டாமப் பண்ணிட்டியே" என்று கேட்டாளாம். அன்றோடு நின்றது பேச்சு. சொந்தக்காரர்கள் எல்லோருமே அத்தை பக்கம்தான். செய்தது தப்பு என்று அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு.

டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து, பள்ளி விட்டதும், நானும் அத்தை வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே நடந்துகொண்டிருந்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் கலர் கலராக ஜிகினா, பலூன், வாசலில் தொங்கும் பெரிய நட்சத்திரம், மணலும் வைக்கோலும் போட்ட குடில். எந்த இடமும் சும்மா இருக்கக் கூடாது என்பதுதான் விதி. அத்தையிடம் பிரான்சிலிருந்து வந்த ஒரு பத்திரிகை இருந்தது. அதில் வீடுகள் எல்லாம் பாதி காலியாக இருந்தன. வெள்ளை, பச்சை, இரண்டே நிறம். "செவப்பு வேணாம், தங்கம் வேணாம். பாத்தா கண்ணு குளுகுளுன்னு இருக்கணும்" என்றாள் அத்தை.

அம்மா அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவற்றைச் செய்ய எங்கள் ஊரில் என்ன கிடைக்கும் என்று யோசிக்கத் தொடங்கினாள். பைன் மரத்துக்குப் பதிலாக ஆள் உயரச் சவுக்குக் கிளை வந்தது. அதை ஒரு பெரிய தொட்டியில் ஈர மணல் நிரப்பி நட்டு, தொட்டியைச் சணல் சாக்கால் சுற்றினாள். வாடாமல் இருக்கத் தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர். படத்தில் மெழுகுவத்திகளைச் சுற்றிப் பனி கிடந்தது. அம்மா கண்ணாடிக் குவளைகளில் பாதிக்குக் கல்லுப்பைக் கொட்டி, நடுவில் மெழுகுவத்தியை நட்டாள். ஏற்றிப் பார்த்தபோது உப்பு பளபளவென்று மின்னியது. நிஜமான பனியை வருஷக்கணக்காகப் பார்த்த மாமா குனிந்து பார்த்துவிட்டு, "பனிகூட இவ்வளவு சுத்தமா இருக்காதும்மா" என்றார். வீராம்பட்டினத்துக் கரையில் பொறுக்கிய வெள்ளைச் சிப்பிகளை நூலில் கோத்து ஜன்னல்களில் தொங்கவிட்டோம். காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசி மெல்லச் சத்தமிடும்.

குருத்தோலையில் அம்மா நட்சத்திரம் பின்னியபோது மட்டும் அத்தை முகம் சுளித்தாள். "கல்யாணப் பந்தல் மாதிரி ஆயிடப் போவுது." அம்மா ஒரே ஒரு நட்சத்திரத்தை வெள்ளைச் சுவரில் தனியாக மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தை அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இன்னும் நாலு பண்ணு" என்றாள்.

மேசைக்கு நடுவே வைக்கும் பூவில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. பூ உயரமாக இருக்கக் கூடாது. எதிரே உட்காருகிறவரின் முகத்தை மறைத்துவிட்டால் விருந்து என்று கூப்பிட்டதற்கே அர்த்தமில்லை என்று அத்தை சொல்ல, அம்மா தலையாட்டினாள். தட்டையான வெண்கல உருளியில் மரிக்கொழுந்தையும் நந்தியாவட்டையையும் பரப்புவது என்று முடிவானது.

சீரியல் விளக்குக்கு மட்டும் அத்தை வெளியிலிருந்து ஆள் வைத்தாள். என் அப்பா எலக்ட்ரீசியன். எங்கள் பங்குக் கோயிலின் கோபுரத்துக்கே வருஷா வருஷம் விளக்குப் போடுகிறவர். அவர் இருக்கும்போது வேறொரு ஆள் ஏணி வைத்து ஏறி, வயரைப் பல்லால் கடித்து இழுத்து முறுக்கியதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்தும் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவும் எதையும் கேட்கமாட்டார். ஆனால் நான் சிப்பியைப் பற்றியும் உப்பைப் பற்றியும் சொல்லும்போது, கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் அத்தை என்னைக் கூப்பிட்டாள். தடித்த வெள்ளைத்தாளில் வெட்டிய பதினைந்து சின்ன அட்டைகளும், பச்சை மைப் பேனாவும், ஒரு பட்டியலும் கொடுத்தாள். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்குப் பெயர் எழுதி வைப்பது அங்கே வழக்கமாம். "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு. பன்னண்டு பேரு. மூணு அட்டை கூட இருக்கு, தப்பு வந்தா மாத்திக்க." மாமா பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஒயின் பாட்டில் தக்கைகளை அம்மா பிளேடால் கீறிக் கொடுத்தாள். அந்தக் கீறலில் அட்டையைச் செருகினால் நிமிர்ந்து நிற்கும்.

பட்டியலில் அத்தை, மாமா, பிரான்சிலிருந்து வந்திருந்த அவர்கள் மகன், அவன் மனைவி, மாமாவோடு வேலை பார்த்த இரண்டு சொல்தாக்கள், அவர்கள் மனைவிமார், மாமாவின் தங்கை, பங்குச் சாமியார். கடைசி இரண்டு பெயர்கள் அம்மாவுடையதும் என்னுடையதும்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றுமில்லை.

அத்தை மறந்திருப்பாள் என்று நான் நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். மறக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பன்னிரண்டு பெயர்களையும் தப்பில்லாமல் எழுதி முடித்து, கூட இருந்த மூன்று அட்டைகளில் ஒன்றை எடுத்து அப்பாவின் பெயரை எழுதினேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒன்றில்தான் எழுத்து அழகாக வந்தது. அதை யாருக்கும் காட்டாமல் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

பண்டிகை நாள் காலைப் பூசை முடிந்து நானும் அம்மாவும் அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பா கோயில் வாசலில் எங்களுக்குக் கையசைத்துவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனார். அவருக்கு மதியத்துக்கு அம்மா சோறும் கறிக்குழம்பும் மூடி வைத்திருந்தாள். அந்த மூடிய பாத்திரம் எனக்கு வழியெல்லாம் ஞாபகத்தில் இருந்தது.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். வினிகர் விட்ட விந்தாலுக் கறிக்குழம்பு அடுப்பில் இருந்தது. அத்தை மாடியில் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். பெயர் அட்டைகளை வைப்பது என் வேலை. பன்னிரண்டையும் அத்தை சொன்ன வரிசையில் வைத்தேன். பிறகு கூடத்தின் மூலையில் இருந்த ஒரு நாற்காலியை இழுத்துவந்து, மேசையின் கடைசியில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நெருக்கிப் போட்டேன். தட்டு வைத்தேன். வெள்ளைக் கைத்துணியை மற்றவற்றைப் போலவே மடித்து வைத்தேன். நோட்டிலிருந்து அப்பாவின் பெயரை எடுத்துத் தக்கையில் செருகி நிறுத்தினேன். அதற்கு மேல் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவில்லை. பெயரை எழுதிவிட்டால் ஆள் வந்துவிடுவார் என்பதுபோல் இருந்தேன்.

பத்து மணிக்கு டப்பென்று ஒரு சத்தம். சவுக்கு மரத்தின் விளக்குகள் அணைந்தன. கூடவே கூடம், சமையலறை, மாடி எல்லாம் மொத்தமாக அணைந்தன. பழைய வீடு அது. பகலிலேயே கூடத்தில் வெளிச்சம் குறைவு. மின்விசிறி நின்றதும் பூவெல்லாம் உடனே வாடத் தொடங்கியதுபோல் தோன்றியது. அத்தை மகன் விளக்குப் போட்ட ஆளுக்கு நாலைந்து தடவை போன் செய்தான். அந்த ஆள் போனை அணைத்து வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டான். பண்டிகை நாளில் யார் வருவார்கள்? விருந்தாளிகள் பன்னிரண்டரைக்கு வந்துவிடுவார்கள்.

அம்மா சமையலறை வாசலுக்கு வந்து, மாடிப்படியைப் பார்த்து நின்றாள். அத்தை பாதிப் படியில் நின்றிருந்தாள்.

"அவரக் கூப்புடவா அண்ணி?"

அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பி மேலே ஏறிப் போய்விட்டாள். அம்மா போனை எடுத்தாள்.

அப்பா பத்தே நிமிஷத்தில் வந்தார். முன்வாசலுக்கு வராமல் பக்கச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு வந்தார். பழைய காக்கிச் சட்டை, தோளில் பை. யாரிடமும் ஒன்றும் கேட்காமல், வயர் போகிற வழியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போய் மரத்தொட்டியின் பின்னால் மண்டியிட்டார். நான் டார்ச் பிடித்தேன்.

"ஜாயிண்ட்ட தொட்டிக்கு அடியில உட்டு வச்சிருக்கான். தண்ணி எறங்கியிருக்கு" என்றார். தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்கவில்லை. அறுத்து, துடைத்து, புதிதாக முறுக்கி டேப் சுற்றி, வயரைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டினார். பியூஸ் போட்டார். விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. அவர் எழுந்து, அந்த வீட்டை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். சிப்பிச் சரங்கள், சுவரில் ஓலை நட்சத்திரங்கள், உப்புக் குவளைகள். அம்மாவின் கை எதிலெல்லாம் பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேசை ஓரமாகப் பின்கட்டுக்கு நடந்தவர், கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார்.

"இத யாரு எழுதுனது?"

"நான்தான்ப்பா. எல்லாத்தையும் நான்தான் எழுதுனேன்."

அதுவரை நான் சொன்னது உண்மை.

"அத்தை எழுதச் சொன்னாங்களா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அட்டையைத் தொடப் போனவர், விரலில் கரி இருந்ததைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லு. குளிச்சிட்டு வந்துடறேன்னு" என்றார். போகும்போதும் பின்கட்டு வழியாகத்தான் போனார்.

நான் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். அம்மாவுக்குப் புரியவில்லை. எங்கே வருகிறார், எதற்கு வருகிறார் என்று கேட்டாள். நான் மேசையைக் காட்டினேன். அவள் கரண்டியோடு வந்து அந்த அட்டையைப் பார்த்தாள். அப்படி ஒரு பயத்தை அம்மாவின் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னா காரியம்டி பண்ணி வச்சிருக்க?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால், உங்கள் அக்கா உங்களைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளித்துக்கொண்டிருக்கும் மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வெள்ளையில் பச்சைக் கரை போட்ட பட்டுப்புடவை. மேசையைப் பார்த்ததும் அவள் பார்வை அந்தக் கூடுதல் நாற்காலியில் போய் நின்றது. விரலை நீட்டி எண்ணினாள். வந்து அட்டையைப் படித்தாள்.

"பதிமூணு" என்றாள்.

பதின்மூன்று பேர் ஒரு மேசையில் உட்காரக் கூடாது என்று பிரான்சில் ஒரு நம்பிக்கை. ஆண்டவரின் கடைசி இராவிருந்தில் அத்தனை பேர் இருந்தார்களாம். அத்தை அதில் கறாரானவள்.

"சின்னப் பொண்ணு அண்ணி. வெவரம் தெரியாம வச்சிட்டா. எடுத்துடறேன்" என்று அம்மா அட்டையை எடுக்கப் போனாள்.

"அவன் பாத்துட்டானா?"

அம்மா அவசரமாகத் தட்டையும் கைத்துணியையும் சேர்த்து எடுத்தாள்.

"கேக்கறேன் இல்ல? பாத்துட்டானா?"

"பாத்துட்டாரு. குளிச்சிட்டு வரேன்னு போயிருக்காரு."

அத்தை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் சிப்பிகள் சத்தமிட்டுக்கொண்டிருந்தன. நான் அழ ஆரம்பித்திருந்தேன், சத்தமில்லாமல். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நான் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய மூலையிலேயே வைத்தாள். என் உயிர் போயிற்று. பிறகு மேசையின் தலைப்பக்கம் போய், மாமாவுக்குப் பக்கத்தில் இருந்த தன் பெயர் அட்டையைத் தக்கையிலிருந்து உருவினாள். அந்தத் தக்கையில் அப்பாவின் பெயரைச் செருகினாள்.

"நான் உக்காரல. பரிமாறறேன்" என்றாள் அம்மாவிடம். தன் பெயரை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். அப்பாவோடு ஒரே மேசையில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுந்து நிற்கப் போகிறாள்.

அப்பா விருந்தாளிகளோடு விருந்தாளியாக முன்வாசல் வழியாக வந்தார். முழுக்கை வெள்ளைச் சட்டை, ஈரத்தலை, சீப்புப் பல்லின் தடம் தெரிய வாரியிருந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. அதனால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் கோத்து, பின்னால் கட்டி, மறுபடி முன்னால் கொண்டுவந்தார். மாமா எழுந்து போய், "வா மச்சான், வா" என்று தோளைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். அத்தை அப்போது சமையலறையில் இருந்தாள்.

விருந்து அந்தப் பத்திரிகையில் பார்த்ததுபோல் நடக்கவில்லை. அங்கே கிண்ணங்களை மேசையில் வைத்து ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொள்வார்களாம். இங்கே அத்தை பட்டுப்புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகப் போய்ப் பரிமாறினாள். குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போகும்படி எனக்கு உத்தரவு. அது எனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். சொல்தாக்கள் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகப் பழைய கதை பேசினார்கள். சாமியார் உப்புக் குவளையைப் பாராட்டினார். அப்பா தனக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த முள்கரண்டி, கத்தி எதையும் தொடாமல், ஸ்பூனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடத் தொடங்கக் காத்திருந்தார்.

அத்தை கடைசியாகத்தான் அப்பாவிடம் வந்தாள். சோறு வைத்தாள். என் கையிலிருந்த கிண்ணத்திலிருந்து விந்தாலுவை அள்ளி ஊற்றினாள். இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். போகாமல் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். மேசையின் அந்தப் பக்கம் எல்லோரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை குனிந்தாள். என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"அப்பா மொகம் எப்படிடா இருந்துச்சு கடைசியா?"

அப்பா ஸ்பூனைக் கீழே வைத்தார். திரும்பவில்லை. எதிரே இருந்த மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தூங்கற மாதிரிதான் இருந்தாரு அக்கா. ஷேவ் பண்ணி, வெள்ளச் சட்ட போட்டு வுட்டேன். ஒண்ணும் மாறல. உதடு லேசா சிரிச்சாப்ல இருந்துச்சு."

அத்தையின் கரண்டியிலிருந்து குழம்பு ஒரு சொட்டு அந்த வெள்ளை மேசைவிரிப்பில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அப்புறம் ஏன்டா எனக்காக ஒரு நாளு வச்சிருக்கல?"

"எனக்கு அவ்வளவுதான் புத்தி அக்கா. அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடு."

அத்தை இடதுகையை அப்பாவின் ஈரத்தலையில் வைத்தாள். எண்ணெய் வைத்துவிடும்போது அழுத்துவதுபோல ஒருமுறை அழுத்தினாள். "சாப்புடு. ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டுச் சாமியாரிடம் இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்கப் போனாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். வைத்ததையெல்லாம் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறினாள். அடுத்தடுத்த வருஷங்களில் அந்த வீட்டுக்கு விளக்குப் போட்டது அப்பாதான். தாத்தா சிரித்தாற்போலப் போனார் என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள், தானே பக்கத்தில் இருந்து பார்த்ததைப் போல.

போன வருஷம் அத்தை இறந்தாள். அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம், அப்பா குளிக்கப் போயிருந்தபோது, அம்மா எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். அத்தை வரும்வரை தாத்தாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு ராத்திரியும் அப்பா கண் மூடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது விடியற்காலையில் உட்கார்ந்தபடியே அசந்துபோய்விட்டார். பெட்டியின் மோட்டார் ஓட்டம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. வெயில் ஏறி விழித்துப் பார்த்தபோது பெட்டி சுட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கத்திரி வெயிலில், அந்த மூடிய கண்ணாடிக்குள், தாத்தாவின் முகம் முகமாக இல்லை. அம்மாவைத் தவிர யாரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவே சவப்பெட்டியில் எடுத்து வைத்து, அப்பாவே மூடி ஆணி அடித்தார். வெளியே வந்து, சாமியார் நேரம் கொடுத்துவிட்டார், இனிமேல் காத்திருக்க முடியாது என்றார். கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னார்.

"அக்காவுக்கு இது தெரியவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு" என்றாள் அம்மா. "ஊரெல்லாம் ஏசுனப்பகூட எனக்கு வாயத் தொறக்க வழியில்லாமப் போச்சு."

அந்த விருந்து நாளன்று, பத்து வயதில், இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் காதால் கேட்டது மட்டும்தான். ஊர் சொன்னது உண்மை, அப்பா தப்பு செய்திருக்கிறார், அதை அவரே ஒத்துக்கொண்டார். ஒரு நாள் காத்திருக்க முடியாத மனுஷனுக்காகவா நான் பொய் சொன்னேன், அம்மாவைப் பயப்படவைத்தேன், அத்தையை அவள் வீட்டிலேயே நிற்கவைத்தேன்?

வெயில் தாழ்ந்ததும் அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அம்மா பாத்திரங்களை ஒழித்துவிட்டுப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தாள். தெருவெங்கும் நட்சத்திரங்கள் தொங்கின. கடற்கரைச் சாலையில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. அப்பா மெதுவாக ஓட்டினார். சின்னதாக ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவர் பாடி நான் கேட்டதில்லை. நான் அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, முதுகில் கன்னத்தை வைத்திருந்தேன். கஞ்சி போட்ட சட்டை கன்னத்தில் குத்தியது.

"ஏன்ப்பா அத்தைக்காக நீங்க காத்துக்கிட்டிருக்கல?" என்று கேட்டேன்.

பாட்டு நின்றது.

"அவசரப்பட்டுட்டேன் பாப்பா" என்றார்.

நான் கன்னத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் இடுப்பிலிருந்து கையையும் எடுத்து, சீட்டின் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை அப்படியே வந்தேன்.